விரலுக்கேற்ற கம்பி

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது நெருப்பு என்பார் சிலர். சக்கரம் என்பார் சிலர். இவர்கள் யாரும் தராசு விற்றவர்கள் அல்லர். நெருப்பு அணைந்துவிடும். சக்கரம் உருண்டு போய்விடும். வைத்த இடத்தில் வைத்தபடி இருந்துகொண்டு, பார்க்கிறவனை எழுந்து நிற்க வைப்பது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது கனம். கனம் பொருந்திய நீதிபதி என்கிறோம். லேசான நீதிபதி என்று எவராவது சொல்லிக் கேட்டதுண்டா?

இந்தப் பேருண்மையை முழுதாக உணர்ந்தவர் ஒரு முதலாளி. காய்கறிக்கடைத் தராசிலிருந்து, லாரியைச் சரக்கோடு ஏற்றி நிறுக்கும் இரும்பு மேடை வரை எல்லாம் அவருடைய நிறுவனத்தின் தயாரிப்பு. அவர் அறையிலிருந்த நாற்காலியை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். அவருடைய விசிட்டிங் கார்டு கீழே விழுந்தால் சத்தம் கேட்கும். "எடை இல்லாத சாமான் என் கண்ணுக்குத் தெரியாதுய்யா" என்பார். பேச்சுக்குச் சொன்னதல்ல. சில ஊழியர்களை அவர் பல வருடங்களாகப் பார்த்ததே இல்லை.

அப்படிப் பார்க்கப்படாதவர்களில் ஒருவர் எடைக்கல் சரிபார்க்கும் பிரிவில் இருந்தார். எல்லாரும் அவரை 'கிராம்' என்று கூப்பிட்டார்கள். உடம்பு பாதிக் காரணம், உத்தியோகம் மீதிக் காரணம். கடுகளவு எடைக்கல்லை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணைப் படிப்பார். கையால் தொட்டால் விரல் வியர்வையும் நிறையில் சேர்ந்துகொள்ளும். பகலெல்லாம் அடக்கிய மூச்சை அவர் மாலையில் வீட்டுக்குப் போய்க் கிடாரில் விடுவார். மின்சாரக் கிடார். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பார்.

நிறுவனத்துக்கு ஓர் இசைக்குழுவும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை விற்பனையாளர்களைக் கூட்டி நடத்தும் விழாவில் அது வாசிக்கும். பாடுவது கணக்குப் பிரிவு அம்மாள். டிரம் அடிப்பது லாரி மேடை பொருத்தும் மெக்கானிக். கிடார் நம் கிராம். கடைசிப் பாட்டின் முடிவில் அவருக்கென்று ஒரு தனி வாசிப்பு இருந்தது. அதன் கடைசிச் சுரத்தை அவர் கம்பியை அழுத்தி, அப்படியே விரலால் மேலே தள்ளி, சுருதியை ஏற்றி நிறுத்துவார். அந்தச் சுரம் ஒரு நொடி அழும். பிறகு எல்லாம் முடிந்துவிடும்.

விழாவுக்குக் குடும்பத்தாரை அழைக்கும் வழக்கம் அதுவரை இல்லை. அந்த வருடம் அழைத்தார்கள். கிராமின் மனைவி அன்றைக்கே புதுச் செருப்பு வாங்கிவிட்டாள்.

"இத்தனை வருஷமா உங்களைக் கதவு வழியாத்தான் கேட்டிருக்கேன். ஒரு தடவையாவது ஆளையும் சேர்த்துப் பாக்கணும்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"அதை நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

ஒத்திகைக்கு முதலாளி வந்தார். கூடவே நிர்வாக மேலாளரும் வந்தார். இவர் முதலாளி மனைவியின் உடன்பிறந்த தம்பி. திறமையால் மேலே வந்தவர்கள் உண்டு, உழைப்பால் வந்தவர்கள் உண்டு. இவர் அக்காவால் வந்தவர். அலுவலகம் இவரை 'மச்சான் சார்' என்று மரியாதையாகவே குறிப்பிட்டது. இசைக்குழுவில் இவர் பொறுப்பு 'ஒருங்கிணைப்பு'. கறுப்புக் கண்ணாடி அணிந்து ஓரமாக நிற்பதற்கு அங்கே அந்தப் பெயர்.

முதலாளி கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சத்தம் மெலிஞ்சு இருக்கேய்யா. எங்கிருந்து வருது அது?"

எல்லாரும் கிடாரைக் காட்டினார்கள். முதலாளி குனிந்து கம்பியைப் பார்த்தார்.

"என்னய்யா இது, நூலா?"

"கம்பிதான் சார். ஒன்பதாம் நம்பர். நம்பர் ஏற ஏறத் தடிமன் ஏறும்."

"எடை?"

இதுவரை எந்த ரசிகனும் கேட்காத கேள்வி. உடனே நகைக்கடைத் தராசு வரவழைக்கப்பட்டது. உறை பிரிக்காத ஒன்பதாம் நம்பர் கம்பித் தொகுதி ஒன்று தட்டில் வைக்கப்பட்டது. எண் தெரிந்தது. முதலாளி அதைப் பார்த்த பார்வை, கட்டிக்கொடுத்த மகளை இளைத்துக் கறுத்து வாசலில் பார்க்கும் தகப்பனின் பார்வை.

"தராசு விக்கிற கம்பெனி மேடையில இவ்வளவு லேசான சாமானை வச்சு வாசிக்கிறீங்களா? வந்து உக்கார்ற வியாபாரி என்ன நினைப்பான்? கம்பியிலயே இவன் இப்படின்னா கல்லுல எப்படி இருப்பான்னு நினைக்க மாட்டான்?"

"சார், சத்தம் கம்பி எடையில இல்ல. ஆம்ப்ளிஃபையரைக் கொஞ்சம் ஏத்தினா..." என்று இழுத்தார் கிராம்.

மச்சான் சார் கண்ணாடியைக் கழற்றினார். அறிவு பேசப்போகும்போது அவர் அப்படிச் செய்வார்.

"அத்தான், நான் நெட்ல பாத்தேன். பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் தடிக் கம்பிதான். கம்பி தடிச்சாத்தான் சத்தம் தடிக்கும். கையை எடுத்த பிறகும் சத்தம் அப்படியே நிக்குமாம்."

"கையை எடுத்த பிறகுமா?"

"ஆமா அத்தான். ஒருத்தர் வீடியோ போட்டிருக்கார்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அவர் வாழ்நாள் கொள்கைக்கு இசைத்துறையிலிருந்து ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. 'நிறுவனத்தின் ஒலியில் கனம் ஏற்றுவது' என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஏகமனதில் கிராமின் மனம் சேர்க்கப்படவில்லை. எடை போதவில்லை.

இசைக்கருவிக் கடைக்காரர் வாசலில் நிற்பவனின் செருப்பைப் பார்த்தே பை எவ்வளவு தாங்கும் என்று சொல்லிவிடும் வம்சம்.

"பதினொண்ணாம் நம்பர் கம்பி இருக்கா?" என்று கேட்டார் கிராம்.

"இருக்கு. ஆனா பதிமூணு இருக்கும்போது யாராவது பதினொண்ணு வாங்குவாங்களா? மாடி வீடு இருக்க மாடிப்படியில குடியிருக்கிற மாதிரி."

"பதிமூணு விரலை அறுக்குமே."

"அறுக்கும். அறுக்காத சரக்கை நான் வைக்கறதே இல்ல."

"வலிக்காதா?"

"வலிக்கும் சார். ஆனா அதுக்குத் தனியா காசு வாங்கறதில்ல. கம்பியோட சேர்ந்தது."

கிராம் விலையைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தார். கடைக்காரர் குறைக்கவில்லை. போனால் போகிறதென்று ஒரு துடைக்கும் துணியைச் சேர்த்துக் கொடுத்தார். ரத்தம் துடைக்க என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாகரிகம் தெரிந்தவர்.

பதின்மூன்றாம் நம்பர் கிடாரில் ஏறியது. கம்பிகள் உட்காரும் சின்னப் பள்ளங்களில் அவை உட்காரவில்லை. குழந்தை நாற்காலியில் பெரிய மனிதர் உட்கார்ந்ததுபோலத் துருத்திக்கொண்டு நின்றன. இழுத்த இழுப்பில் கிடாரின் கழுத்து முன்பக்கம் வளைந்தது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வால்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. ஒரு தட்டில் பாரம் ஏறினால் எதிர்த்தட்டில் ஏற்ற வேண்டும் என்பது கிராமுக்குத் தொழிலே சொல்லிக் கொடுத்த பாடம். பள்ளங்களை அரத்தால் அகட்டினார். கழுத்துக்குள் ஓடும் தண்டை முறுக்கினார். முதுகு மூடியைத் திறந்து ஸ்பிரிங்குகளை இறுக்கினார். கிடார் ஒருவழியாக நேராக நின்றது. மாமியார் வீட்டில் முதல் நாள் மருமகள் மாதிரி, எல்லாப் பக்கமும் இழுபட்டுக்கொண்டு நேராக நின்றது.

இனி அவர் விரல் ஏற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் தடித்த கம்பி கிராமின் விரலுக்கு மசியவில்லை. அழுத்தவே இரண்டு கை தேவைப்படும் போலிருந்தது. அதைத் தள்ளிச் சுருதி ஏற்றுவது, நிறுத்தி வைத்த லாரியைத் தோளால் முட்டுவதற்குச் சமம். அழவேண்டிய கடைசிச் சுரம் கொட்டாவி விட்டது.

விடாமல் பழகினார். காலையில் பழகினார். மாலையில் பழகினார். விரல் நுனியில் கொப்புளம் கட்டி, உடைந்து, தோல் உரிந்து, அதன்மேல் புதுத்தோல் காய்த்து, அதுவும் கம்பியில் தேய்ந்து தேய்ந்து வழவழத்துப்போனது.

"விரலுக்கேத்த வீக்கம்னு கேட்டிருக்கேன். கம்பிக்கேத்த விரலை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் மனைவி, அவர் இடது கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து. "ரேகையே இல்லீங்க. கதவுக் கைப்பிடி மாதிரி பளபளன்னு இருக்கு."

"கனம் வருதுன்னு முதலாளி சொல்றார்."

உண்மைதான். அடுத்த ஒத்திகையில் முதலாளி தொடையில் தட்டினார். "இப்பக் கேளு! இதான்யா சத்தம்! வயித்துல வந்து உக்காருது பாரு!" அன்றைக்கு மெக்கானிக் ஆம்ப்ளிஃபையர் குமிழைக் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தார் என்பது இசை ஆராய்ச்சிக்குத் தேவையில்லாத செய்தி.

மறுநாள் காலை, நிறுவன வாசலில் இருக்கும் வருகைப்பதிவு இயந்திரத்தில் கிராம் விரல் வைத்தார். விரல் ரேகையைப் பார்த்து ஆளை அறிந்துகொள்ளும் கருவி அது. உள்ளிருந்து ஒரு பெண்குரல், "அடையாளம் தெரியவில்லை. மீண்டும் முயலவும்" என்றது.

மீண்டும் முயன்றார். துடைத்து முயன்றார். ஊதி முயன்றார். வாசல் காவலாளி ஆர்வமாக வந்து நின்றார்.

"நக்கிட்டு வைங்க சார்."

நக்கிவிட்டு வைத்தார். குரல் சற்றும் கோபப்படாமல் அதையே சொன்னது.

"சரி சார், நீங்க உள்ள போகலாம்" என்றார் காவலாளி. "ஆனா நீங்க இன்னும் வரல."

இந்த இடத்தில் ஒரு விவரம். எல்லா ஊழியருக்கும் வலது சுட்டுவிரலைத்தான் பதிவு செய்தார்கள். அந்த நாளில் கிராமின் வலது கைக்குக் கட்டுப் போட்டிருந்தது. வேலையில் ஒரு பெரிய எடைக்கல் விரல்மேல் விழுந்திருந்தது. எனவே அவருக்கு மட்டும் இடது சுட்டுவிரல். அதாவது, கிடார் கம்பியை அழுத்தும் விரல்.

நிர்வாக மேலாளரின் அறைக்குப் போனார்.

"சார், மிஷின் என் விரலை எடுக்க மாட்டேங்குது."

"அப்ப இன்னைக்கு நீங்க லீவு" என்றார் மச்சான் சார்.

"உங்க எதிர்லதான் உக்காந்திருக்கேன் சார்."

"எனக்குத் தெரியுது. மிஷினுக்குத் தெரியலையே. நான் மனுஷன். தப்பா பாத்திருக்கலாம்."

"வலது கை விரலைப் பதிஞ்சுக்கலாமே?"

"தாராளமா! விரல் மாத்த ஒரு விண்ணப்பம் இருக்கு. ஆனா அதை ஆபீசுக்கு வந்த நாள்லதான் குடுக்கணும். வராத அன்னிக்குக் குடுத்தா நான் எப்படி வாங்கறது?"

"நாளைக்கு வந்து குடுக்கட்டுமா?"

"வந்தீங்கன்னா குடுங்க" என்றார் மச்சான் சார், மிகுந்த அன்போடு.

கிராம் தினமும் வந்தார். தினமும் வரவில்லை. அவர் சரிபார்த்து முத்திரை குத்திய எடைக்கற்கள் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் மட்டும் வராதவராகவே இருந்தார். ஒருநாள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. தாங்கள் தொடர்ந்து பணிக்கு வராதது நிர்வாகத்துக்கு மன வருத்தம் தருகிறது என்றது கடிதம்.

மனைவி அதை இரண்டு முறை படித்தாள். மேசைமேல் வைத்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. தினமும் காலையில டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு எங்க போறீங்க?"

விளக்கி முடிக்க அவருக்குச் சாப்பாட்டு நேரம் முழுதும் தேவைப்பட்டது. அவள் நம்பினாள். நம்பிய பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

அடுத்து அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை. வருகைப்பதிவு குறைவாக உள்ளவர்கள் விழா மேடை ஏறத் தகுதியற்றவர்கள். கையெழுத்து, மச்சான் சார். முதலாளிக்கே அது கொஞ்சம் உறுத்தியது. கூட்டம் கூட்டினார். வராதவரான கிராமும் கூட்டத்துக்கு வந்திருந்தார்.

"சட்டம் சட்டம்தான் மாப்ளே. ஆனா கிராம் இல்லாம கிடாருக்கு எங்கய்யா போறது?"

மச்சான் சார் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார். புத்தம்புதுக் கிடார். பதின்மூன்றாம் நம்பர் கம்பி. தோலில் வார். வாரில் அவர் பெயரின் முதலெழுத்து.

"நான் நிக்கிறேன் அத்தான். கம்பெனிக்காக."

"உனக்கு வாசிக்க வராதேடா."

"நிக்க வரும்."

டிரம் அடிக்கும் மெக்கானிக் மோட்டுவளையைப் பார்த்தார். கணக்குப் பிரிவு அம்மாள் மெல்ல, "அப்ப யார் வாசிக்கிறது?" என்று கேட்டார். நிர்வாகவியல் பாடத்தில் சேர்க்கத்தக்க விடையொன்று அப்போது மச்சான் சார் வாயிலிருந்து பிறந்தது.

"சுற்றறிக்கையில ஆள் மேடை ஏறக்கூடாதுன்னுதான் இருக்கு. சத்தம் ஏறக்கூடாதுன்னு இல்லையே."

கிராம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பது என்று முடிவாயிற்று. முதலாளிக்குப் பெரிய நிம்மதி. "சட்டமும் நிக்குது, பாட்டும் நடக்குது. வியாபாரிங்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். கம்பி மட்டும் பதிமூணுதானே?"

"பதிமூணுதான் அத்தான்" என்று தன் கிடாரைத் தட்டிக் காட்டினார் மைத்துனர்.

அன்று மாலை கிராம் வீட்டில் தன் கிடாரை மடியில் கிடத்தி, தடிக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஸ்பிரிங்குகளைத் தளர்த்தினார். தண்டை எதிர்ப்பக்கம் திருப்பினார். தராசில் வைத்துவிட்டு முதலாளி வேண்டாமென்று தள்ளிய அதே ஒன்பதாம் நம்பர் உறையைப் பிரித்தார். மனைவி கதவருகே நின்று பார்த்தாள்.

"மேடையில நான் இருக்க மாட்டேன்" என்றார் நிமிராமல்.

"அப்ப நான் யாரைப் பாக்க வரணும்?"

"மச்சான் சாரை."

"அந்த மூஞ்சியைப் பாக்கவா செருப்பு வாங்கினேன்?"

"திரைக்குப் பின்னாடி, வலது ஓரத்துல இருப்பேன்."

"மறுபடியும் கதவு வழியாத்தானா" என்றாள்.

அவர் மெல்லிய கம்பியை அழுத்தி மேலே தள்ளினார். காய்த்த விரலுக்கு அது தண்ணீர்போல் வழிவிட்டது. அந்தச் சுரம் பழையபடி அழுதது. இந்த முறை இருவரும் கதவுக்கு ஒரே பக்கத்தில் இருந்தார்கள்.

விழா நாள். மண்டபம் நிறைந்திருந்தது. மச்சான் சார் கறுப்புக் கண்ணாடியோடு நடு மேடையில் நின்றார். அவர் கிடாரிலிருந்து புறப்பட்ட ஒயர் ஆம்ப்ளிஃபையர் வரை போகும் வழியில் மனம் மாறி, அவருடைய பின்பையிலேயே முடிந்தது. விரல்கள் கம்பிமேல் பட்டும் படாமலும் ஓடின. பட்டால் வலிக்கும் என்று அவருக்கு ஒரே ஒத்திகையில் தெரிந்துவிட்டது. தலையை ஆட்டினார், முழங்காலை மடக்கினார், வானத்தைப் பார்த்தார். வாசிப்பதைத் தவிர, வாசிப்பவன் செய்வதையெல்லாம் செய்தார். வியாபாரிகள் சொக்கிப்போனார்கள்.

கடைசிப் பாட்டு. தனி வாசிப்பு. அது ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, ஓரிடத்தில் மூச்சு வாங்க நின்றது. பாட்டு முடிந்தது என்று மச்சான் சார் நினைத்தார். ஒத்திகைகளை முழுதாகக் கேட்டிருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டார். இரண்டு கைகளையும் தலைக்குமேல் அகல விரித்துக் கைதட்டலுக்குக் காத்து நின்றார்.

திரைக்குப் பின்னால் கிராம் கண்ணை மூடியிருந்தார். கம்பியை அழுத்தினார். தள்ளினார்.

சுரம் எழுந்தது. மண்டபம் முழுக்கப் பரவி, மேலே ஏறி, அங்கே நின்று அழுதது. மேடையில் மச்சான் சாரின் இரண்டு கைகளும் ஆகாயத்தில் இருந்தன. கிடார் அவர் வயிற்றில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. சுரம் நின்றபாடில்லை. மச்சான் சார் ஒரு கையை இறக்கலாமா என்று யோசித்து, எந்தக் கை என்று தெரியாமல், இரண்டையும் மேலேயே வைத்துக்கொண்டார்.

மெக்கானிக் டிரம் குச்சியைக் கடித்துக்கொண்டார். எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று கணக்குப் பிரிவு அம்மாள் தலையைக் குனிந்தபோது, முதலாளி ஒரே பாய்ச்சலாக மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"பாத்தீங்களா? எல்லாரும் பாத்தீங்களா? கையை எடுத்த பிறகும் சத்தம் நிக்குது பாத்தீங்களா? இதுக்குப் பேர்தான்யா கனம்! பதிமூணாம் நம்பர்!"

மண்டபம் இடிந்து விழுவதுபோல் கைதட்டியது. முன்வரிசை வியாபாரி ஒருவர் எழுந்து, "அந்தக் கம்பி உங்ககிட்டயே கிடைக்குமா? மொத்தமா எடுத்தா என்ன கழிவு?" என்று கேட்டார். அத்தனை பேரும் மச்சான் சாரைப் பார்த்துத் தட்டினார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்து, மேடையின் வலது ஓரத் திரையைப் பார்த்து நின்று தட்டினாள். புதுச்செருப்பு கடித்திருக்க வேண்டும். அவள் கண் கலங்கியிருந்தது.

மச்சான் சாருக்கு 'கனமான கலைஞர்' என்று ஒரு வெண்கலக் கேடயம் வழங்கப்பட்டது. இரண்டு பேர் பிடித்துத்தான் காரில் ஏற்ற முடிந்தது.

மறுநாள் காலை வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். மச்சான் சார் தன் சுட்டுவிரலை இயந்திரத்தில் வைத்தார். வெண்ணெயில் வார்த்த விரல். பிறந்த அன்றைக்கு இருந்த ரேகை ஒரு சுழி குறையாமல் அப்படியே இருந்தது. "வருகை பதிவாயிற்று. நன்றி" என்றது இயந்திரம். அடுத்து கிராம் வைத்தார். "அடையாளம் தெரியவில்லை" என்றது.

அந்த இயந்திரத்தைக் குறை சொல்ல நமக்கு நாக்கு வராது. அந்த நிறுவனத்தில் தராசுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த விரல் உழைத்தது, எந்த விரல் உழைக்கவில்லை என்று நாள் தவறாமல், ஒரு கடுகும் பிசகாமல் நிறுத்துச் சொன்ன தராசு அது ஒன்றுதான். முள் சரியாகவே நின்றது. அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான் தட்டை மாற்றிப் படித்தார்கள்.